ஹேண்டில் இறுகியது ஏன்? கோன் செட் மேல் பழி போட வேண்டாம்

பழைய ராஜ்தூத் பைக்கின் சேஸியில் வேறொரு வண்டியின் அப்சைடு டவுன் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலே இருக்கும் முன் சஸ்பென்ஷன்) மாட்டினேன். ஹெட் பைப்புக்கு (சேஸியின் முன்முனைக் குழாய்) ஏற்ற ஸ்டெம்மை, அதாவது அதற்குள் திரும்பும் தண்டை, கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து, கீழ் டியில் பிரஸ் வைத்து இறக்கினோம். டி என்பது ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் பிடிப்பு; மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஸ்டெம் நட்டை இறுக்கினால் ஹேண்டில் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் பிடித்தது. இளக்கினால் முன் பிரேக்கில் 'டக்' என்றது. கோன் செட்டை (ஹேண்டில் திரும்ப உதவும், ஹெட் பைப்பின் இரு முனை பேரிங்) மாற்றினேன், கிரீஸை மாற்றினேன். ஃபோர்க் குழாயைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. பட்டறையில் ஹெட் பைப் கப் (பேரிங்கின் வெளி வளையம்) மேல் சந்தேகப்பட்டார்கள். அதையும் கழற்றி மாட்டியாயிற்று. பலனில்லை, நாட்கள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஸ்டெம்மில் மாட்டிய கீழ்க் கோனுக்கும் (பேரிங்கின் உள் வளையம்) கீழ் டிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டேன். ஒரு பக்கம் 0.15 மி.மீ. தகடு நுழைந்தது, எதிர்ப்பக்கம் நுழையவில்லை. கோன் சாய்ந்து நின்றது! கழற்றினால், ஸ்டெம்மின் அடியில் கடைசல் விட்ட வளைவு கோனின் உள்விளிம்புச் சரிவைவிடப் பெரிது, அதனால் கோன் டியில் முழுதாக அமரவில்லை. கோனின் உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த கோடு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது.

அந்த வளைவைக் கடைந்து சின்னதாக்கி, கோனைச் சூடாக்கி இறக்கியதும் தகடு எங்குமே நுழையவில்லை.

இன்னொன்று: ஸ்டெம் நட்டை இறுக்கும்போது மேல் டியின் கிளாம்ப் போல்ட்டுகள் இளகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்கள் டியைப் பிடித்துக்கொள்ளும், கோனுக்கு அழுத்தமே போகாது. இப்போது சக்கரத்தைத் தூக்கித் தட்டினால் ஹேண்டில் இருபுறமும் தானாக விழுகிறது. சுவாமிமலைச் சாலை வேகத்தடைகளிலும் சத்தமில்லை. புதுக் கோன் கொஞ்சம் அமரும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டை மறுபடி பார்க்க வேண்டும்.