பிக்கப்பில் மாற்று டீசல் எஞ்சின்: ஏற்றத்தில் இழுவை போனது எப்படிச் சரியானது

என் பிக்கப்பில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறொரு டீசல் எஞ்சின் வைத்தேன். எஞ்சினைக் கியர் பாக்ஸோடு சேர்க்கும்போது பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) கையால் தள்ளினாலே ஒட்ட வேண்டும். 5 மி.மீ. இடைவெளி நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காது உடையும். பெரும்பாலும் கிளட்ச் பிளேட் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, பழைய இன்புட் ஷாஃப்டை (கியர் பாக்ஸிலிருந்து கிளட்சுக்குள் போகும் தண்டு) செருகி நடுப்படுத்தி முறுக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் ஒட்டியது.

சமதளத்தில் நன்றாக ஓடிய வண்டி, சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது மட்டும் திணறி நின்றது. ஏற்றத்தில் டேங்க் பின்னால் தாழ்ந்திருக்கும். டீசல் பம்ப் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். அப்போது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கே லூஸாக இருந்தாலும் காற்று உள்ளே வரும். டீசல் வெளியே சொட்டாது, அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

பில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் டியூப் மாட்டினேன். ஆக்சிலரேட்டர் ஏற்றியதும் கடுகு போலக் குமிழிகள் ஓடின. டீசல் குழாய் இணைப்புகளில் பழைய காப்பர் வாஷர்களையே திரும்பப் போட்டிருந்தேன். ஒருமுறை அழுந்திய வாஷர் அப்படியே மறுபடி போட்டால் சரியாக அடைக்கும் என்று நம்ப முடியாது. எல்லாம் புதிது போட்டு, விரிந்த ஹோஸையும் மாற்றினேன். பிறகு பில்டரில் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்ப் அடித்து, அடித்தபடியே மூடினேன்.

எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறக்காதீர்கள். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் அடுத்து.