மயில்கழுத்து பாசியான கதை

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நெய்வதற்கு முன்பே சேலையைத் திரையில் காட்டும் நிரல் எழுதுகிறார்கள். நிறக் கலவைக்கு லைப்ரரி, அதாவது முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. ஆனாலும் நான் விழுந்த குழியிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள். எழுத்துப்பிழை, எண் வரிசை மாறுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், விடுங்கள். மற்ற குழிகள் இவை.

கூட்டி இரண்டால் வகுப்பது

மயில்கழுத்து நிறத்துக்குப் பாவு (நீள இழை) நீலம் (0, 0, 255), ஊடை (குறுக்கு இழை) பச்சை (0, 255, 0). அடைப்புக்குள் இருப்பது சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, 0 முதல் 255 வரை. சரிபாதி கலந்தால் (0, 128, 128) என்கிறது நிரல். கணக்கு சரி, நிறம் தப்பு. திரைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற முறையில் 128 பாதி வெளிச்சம் இல்லை, சுமார் 22 சதவீதம்தான். இருட்டுப் பக்கத்து நுண்ணிய வேறுபாடுகளைக் கண் நன்றாகப் பிரித்தறியும் என்பதால், எண்களில் பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது. துணியிலோ இழை தனியாகத் தெரியாத தூரத்தில் இரண்டின் ஒளியும் கலந்துதான் கண்ணுக்கு வருகிறது. எனவே ஒளியைத்தான் சராசரி எடுக்க வேண்டும். விடை (0, 188, 188).

இது தெரியாத காலத்தில் இளம்பிள்ளை ஊர் நெசவாளர் ஒருவரிடம் திரையைக் காட்டினேன். "ஏன் தம்பி, இது மயில்கழுத்தா? பாசி புடிச்ச கிணறு மாதிரி இருக்குதே" என்றார். நான் நிரலைச் சந்தேகப்படவில்லை. திரையில் அழகாகும்வரை பச்சையை வெளுக்க வைத்து, அந்த எண்ணையே சாயத்துக்குக் கொடுத்தேன். சேலை சோகை பிடித்தது போல வந்தது. சாயமேறிய நூலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

இன்றும் பல லைப்ரரிகளின் கலவை ஃபங்ஷன் சத்தமில்லாமல் இதையே செய்வதுதான் எரிச்சல். சரி, வழி இது: எண்ணை 255ஆல் வகுங்கள். 0.04045 வரை இருந்தால் 12.92ஆல் வகுங்கள், மேலே போனால் 0.055 கூட்டி, 1.055ஆல் வகுத்து, 2.4ஆம் அடுக்குக்கு ஏற்றுங்கள். கலந்த பிறகு அதே வழியில் திரும்புங்கள். சந்தேகமா? கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மாற்றி மாற்றி நிரப்பிய கட்டம் ஒன்று, பக்கத்தில் 188 சாம்பல். பெரிதாக்காமல் வைத்து நாலடி தள்ளி நின்று பாருங்கள், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ஜரிகைப் பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு

பூவின் படத்தில் முழுதும் ஒளிபுகும் புள்ளியிலும் பெரும்பாலும் (0, 0, 0), அதாவது கறுப்பு, ஒளிந்திருக்கிறது. படத்தைச் சுருக்கும்போது அது ஓரத்தில் கசியும். சுருக்கும் முன் நிறத்தை ஆல்ஃபாவால் (புள்ளி எவ்வளவு ஒளிபுகாதது என்ற அளவு, 0 முதல் 1 வரை) பெருக்குங்கள். கணினி வரைகலை ஆய்வாளர்கள் போர்ட்டரும் டஃபும் 1984லேயே சொன்னது.

நிறக்கோணம்

நிறங்களை 360 பாகை வட்டத்தில் வைத்து எண்ணும்போது, 350க்கும் 10க்கும் நடு 180 இல்லை, 0.

இடையில் முழு எண்ணாக்குவது

முழு எண்ணாக்குவது கடைசியில், ஒரே முறை மட்டும்.

எல்லாவற்றுக்கும் ஓக்லேப்

கண் உணர்வதற்கேற்ப நிறங்களை அளக்கும் முறை இது, 2020இல் பியோர்ன் ஓட்டோசன் தந்தது. முந்தானையில் நிறம் படிப்படியாக மாற வேண்டுமா, இதுதான் அழகு. பாவும் ஊடையும் கலக்க இது வேண்டாம்.