சும்மா இருக்கும் கணினியில் ஒரு துடிவிண்மீனைத் தேடலாம்

கடிதம் தட்டச்சு செய்யும்போதும் செய்தி படிக்கும்போதும் நம் கணினியின் செயலியில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கிறது. அந்த ஓய்வை அறிவியலுக்குக் கொடுக்கலாம். நான் கொடுப்பது ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்துக்கு. ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் அமெரிக்காவின் விஸ்கான்சின் - மில்வாக்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2005இல் தொடங்கியது அது. ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ கருவிகள், ரேடியோ தொலைநோக்கிகள், காமா கதிர்களை நோக்கும் ஃபெர்மி செயற்கைக்கோள் ஆகியவை திரட்டிய தரவுகளைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து நம்மைப் போன்றவர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். பொட்டலத்தை ஆராய்ந்து விடையைத் திருப்பி அனுப்புவது கணினியின் வேலை.

துடிவிண்மீன் (பல்சர்) என்பது வேகமாகச் சுழன்றபடி சீரான துடிப்புகளாகக் கதிர்வீச்சை அனுப்பும் விண்மீன். 2010இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் புதிய துடிவிண்மீன் ஒன்று அகப்பட்டது. கண்டுபிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவரின் கணினியும். ஏன் இரண்டு? ஒரே பொட்டலத்தை வெவ்வேறு ஆட்களின் இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும், முகம் தெரியாத ஒருவர் உங்கள் விடைக்காகக் காத்திருக்கிறார்.

படி 1: மென்பொருளை நிறுவுதல்

இதற்கான மென்பொருளின் பெயர் ‘பாய்ங்க்’. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது; இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பெர்க்லியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அவர்களது மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். அலுவலகக் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ உரியவரின் அனுமதி இல்லாமல் நிறுவவே கூடாது. நல்ல காரியம்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

படி 2: திட்டத்தில் சேர்தல்

மென்பொருளைத் திறந்ததும் திட்டங்களின் பட்டியல் வரும். புரத வடிவங்களை ஆராயும் ‘ரொசெட்டா அட் ஹோம்’, மருத்துவ ஆய்வுக்கு உதவும் ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ எனப் பல உண்டு. முதல் மாதம் ஒன்றே ஒன்று போதும். அதைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக இருக்கட்டும். சற்று நேரத்தில் முதல் பொட்டலம் இறங்கத் தொடங்கும்.

படி 3: கடிவாளம் போடுதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு மடிக்கணினி கொதிக்கிறது என்று மொத்தத்தையும் நீக்கிவிடுகிறார்கள். ‘கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ்’ பகுதிக்குப் போய், செயலியில் எத்தனை விழுக்காடு பயன்படுத்தலாம் என்ற இடத்தில் 50 என்று போடுங்கள். எட்டுக் கோர் இருந்தால் நான்குதான் உழைக்கும். பேட்டரியில் ஓடும்போதும் நீங்கள் வேலை செய்யும்போதும் நிறுத்திவைக்கச் சொல்லும் பெட்டிகளை டிக் செய்யுங்கள்.

பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு, மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் 50ஐ 25 ஆக்குங்கள். காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தைமேல் வைத்து ஓடவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசி முழுக்க இரவில் மட்டும்தான் இது ஓடும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். கணினி கூடுதலாக 50 வாட் இழுத்து, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட்; மாதத்துக்குப் பதினைந்து யூனிட். வீட்டில் பில் கட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: கையிருப்பைக் குறைத்தல்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். எத்தனை நாள் வேலையை முன்கூட்டியே சேமிக்கலாம் என்று ஓர் அமைப்பு உண்டு. ஆசையில் பத்து நாள் என்று போட்டேன். பொட்டலங்கள் வரிசையாக வந்து குவிந்தன. பிறகு ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போய்விட்டேன். கணினி அணைந்தே கிடந்தது. திரும்பி வந்து திறந்தபோது வரிசையில் பாதிக்குமேல் கெடு தாண்டியிருந்தது. கெடு தாண்டிய பொட்டலம் மூன்றாவது ஒருவருக்குப் போகும். அவர் முடிக்கும்வரை, என்னோடு இணைந்திருந்தவரின் விடை அந்தரத்தில் நிற்கும். அந்த இணையாளி சரியாகத்தான் செய்திருப்பார், என்னால் தாமதம். அன்று அரை நாளுக்குக் குறைத்தது, இன்றுவரை கூட்டவில்லை.

படி 5: அணியில் சேர்தல்

திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்தில் அணி தேடும் வசதி இருக்கிறது. நாடு, பல்கலைக்கழகம், ஊர், பொழுதுபோக்கு என எதை வைத்தும் அணிகள் உண்டு. இல்லையென்றால் நீங்களே ஒன்று தொடங்கலாம். ஒரு திட்டத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணியில்தான் இருக்க முடியும். முடித்த வேலைக்குக் கிடைக்கும் கிரெடிட் உங்கள் பெயரிலும் அணியின் பெயரிலும் ஏறும். காசாக மாறாத வெறும் எண்தான் அது. ஆனாலும் அணியின் வரைபடத்தில் நம் சிறு கோடு ஏறுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஜெர்மானிய அணி ஒன்று 2010 முதல் ஆண்டுதோறும் ஐந்து திட்டங்களில் அணிகளுக்கிடையே ‘பென்டத்லான்’ போட்டி நடத்துகிறது. முதல் ஆண்டில் நீங்கள் வேடிக்கை பார்த்தாலே போதும். போட்டி வேகத்தில் பழைய கணினியை வாட்டாதீர்கள்.

முதல் பொட்டலம் முடிந்ததும் கிரெடிட் வராது. ‘பெண்டிங்’ என்று நிற்கும். பதறி எதையும் அழுத்த வேண்டாம். இணையாளியின் விடை வந்து பொருந்தியதும் தானாக ஏறிவிடும். என் முதல் பொட்டலம் ஆறு நாள் அப்படி நின்றது.

விலக நினைத்தால்

கணினி மாற்றுகிறீர்களா, ஊருக்குப் போகிறீர்களா? மென்பொருளை உடனே நீக்காதீர்கள். திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ என்பதை அழுத்துங்கள். புதிதாக எதுவும் இறங்காது. கையிலிருப்பது முடிந்துகொண்டே வரும். அவகாசம் இல்லையென்றால் மிச்சத்தை ‘அபார்ட்’ கொடுத்து விடுவியுங்கள். கெடுவரை காத்திருக்காமல் அவை அப்போதே வேறொருவரிடம் போய்விடும். பட்டியல் காலியாகி, கடைசி விடையும் போய்ச் சேர்ந்த பிறகு ‘ரிமூவ்’ கொடுங்கள்.