கிராம சபையில் முதன்முறை மைக் பிடிப்பவர்களுக்கு

மேடைப் பேச்சு பழக ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் பட்டிமன்ற மேடையைக் காட்டுவதில்லை. உங்கள் ஊர் கிராம சபையில் தொடங்குங்கள் என்பேன். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அழைப்பிதழும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். பேசுவதற்கான விஷயம் உங்கள் தெருவிலேயே கிடக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. கொங்குச் சிற்றூரில் கூட்டம் என்றால் பாதிப் பேர் பங்காளிகள், மீதிப் பேர் மாமன் மச்சான்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால்கூடப் பேசிவிடலாம். நாளைக் காலை பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும்போது, "என்னங்க மாப்பிள்ளை, நேற்று மைக்கில் பெரிய முழக்கமாமே?" என்று கேட்கப்போகிறவர் முன்னால் பேசுவதுதான் கடினம். சபைக் கூச்சத்தில் முக்கால்வாசி இந்தக் கேலிக்குப் பயப்படுவதுதான். அதற்குச் சொல்வன்மை மருந்தாகாது. நான்கு வரியில் காரியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவரைக் கேலி செய்ய யாருக்கும் எதுவும் அகப்படாது.

படி 1: கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

சபை உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இந்த முறை பேச வேண்டாம், அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்: "நமது ஊரில் பல ஆண்டுகளாகத் தெருவிளக்குப் பிரச்சினை இருந்து வருகிறது, மக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை." எல்லாரும் தலையாட்டுவார்கள். ஊராட்சிச் செயலர் பேனாவைத் திறக்கவே மாட்டார், ஏனென்றால் இதில் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை.

இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பஸ் நிறுத்தத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரை எட்டுக் கம்பங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் விளக்கு எரிவதில்லை. கம்பங்களின் எண்களை எழுதி வந்திருக்கிறேன். பனியன் கம்பெனி வேலை முடிந்து ஏழு மணி பஸ்ஸில் இறங்கும் பெண்கள் அந்த இருட்டில்தான் நடந்து வருகிறார்கள். மூன்று விளக்குகளையும் மாற்றுவதற்குத் தீர்மானம் நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டாவது பேச்சுக்குத் தேவைப்பட்டது முந்தைய நாள் மாலை ஒரு நடை, அவ்வளவுதான். நேரில் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் குரல் தானாகவே நிமிர்ந்துவிடும். குறுக்குக் கேள்வி வந்தாலும் பதில் கையில் இருக்கும். தன்னம்பிக்கைக்கு இதைவிட நல்ல குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 2: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் நெஞ்சில் நிற்கட்டும். நடுவில் வருவதற்கு எண்களும் குறிப்புச் சொற்களும் போதும். அவற்றைக் கெட்டி அட்டையில் எழுதுங்கள். கை நடுங்கினால் மெல்லிய தாள் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

மனத்துக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது தென்னை மரங்களைப் பார்த்துச் சத்தமாகப் பேசுங்கள். ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இப்படி எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கிறார்கள். கோவையிலும் அந்த மன்றங்கள் உண்டு. முடிந்தால் ஒரு முறை விருந்தினராகப் போய்ப் பாருங்கள்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளையும் கேட்கலாம். பேச்சாளர் எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த மேடைக் குரலை மட்டும் ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். சாக்கடையைப் பற்றி அடுக்குமொழியில் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். வீட்டில் பெரியவர்களிடம் பேசும் அதே மரியாதையும் அதே பேச்சும் போதும்.

படி 3: படபடப்பை அதன் போக்கில் விடுங்கள்

நெஞ்சு அடித்துக்கொள்வதும், உள்ளங்கை வியர்ப்பதும், வாய் உலர்வதும் அட்ரினலின் செய்கிற வேலை. பழகிய பேச்சாளர்களுக்கும் அது சுரக்கும். எழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு சில முறை விடுங்கள், துடிப்பு தணியும். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். காபி வேண்டாம்.

படி 4: மைக்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மைக்கைத் தட்டாதீர்கள், "ஹலோ ஹலோ" என்று ஊதாதீர்கள். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் "ப" வரும் இடமெல்லாம் டப் டப் என்று வெடிக்கும். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் கீச்சிடும் சத்தம் கூடும். கீச்சிட்டால் ஸ்பீக்கர் பெட்டியை நோக்கி மைக் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து விலகி நில்லுங்கள். பதற்றத்தில் கை மெல்ல இடுப்புக்கு இறங்கிவிடும்; முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் இறங்காது.

படி 5: எழுந்து நின்ற பிறகு

வணக்கம், பெயர், எந்தத் தெரு. உடனே விஷயத்துக்கு வந்துவிடுங்கள். "எனக்குப் பேசத் தெரியாது, பிழை இருந்தால் மன்னிக்கவும்" என்ற முன்னுரை தேவையில்லை.

யாராவது "அட உட்காரப்பா" என்பார். அவர் பக்கம் திரும்பாதீர்கள். திரும்பினால் அது பங்காளிச் சண்டையாகிவிடும். தலைமை வகிப்பவர் ஊராட்சித் தலைவரோ தனி அலுவலரோ, அவரைப் பார்த்து, "இன்னும் ஒரு வரிதான், முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிக் கடைசி வரிக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கு இந்தக் குறுக்கீடு கூடுதலாகவே வரும். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரை அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசக்கூட வேண்டாம்.

பேசி முடித்ததும் டீக்கடைக்கு நழுவிவிடாதீர்கள். அதே கோரிக்கையை மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானங்களை வாசிக்கும்வரை இருங்கள். உங்கள் விளக்குக் கம்பங்கள் அதில் விடுபட்டிருந்தால், மறுபடி எழுந்து கேளுங்கள். அதற்கு அட்டைகூடத் தேவைப்படாது.