செமஸ்டர் முடிவதற்குள் நீங்கள் முடிந்து போகாமல் இருக்க

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு அக்டோபர் கடைசி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாடல் எக்ஸாம், பிராக்டிகல், புராஜெக்ட் ரிவியூ, லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அதையெல்லாம் தாண்டி ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்கும்போதே பலர் ஓய்ந்து போயிருப்பார்கள், புத்தகத்தைத் திறந்தாலே எரிச்சல் வரும். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். இல்லவே இல்லை, அது களைப்பு, அதுவும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய களைப்பு.

முதலில் ரெக்கார்டை ஒழியுங்கள். லேப் முடிந்த அன்று மாலையே அந்த ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை எழுதிவிட்டால் அரை மணி நேர வேலை. சேர்த்து வைத்தால் மூன்று லேபுக்கும் சேர்த்து முப்பது எக்ஸ்பெரிமென்ட், எய்ம், புரொசீஜர், கிராஃப் என்று விடிய விடியப் பார்த்து எழுத வேண்டும், அதில் மண்டையில் ஏறுவது எதுவும் இல்லை. தூக்கத்தைக் கொடுத்து ஒன்றுமே வாங்காத இரவுகள் அவை.

அப்புறம், பயத்தை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 2021 ரெகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிகளில், தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டரில் நூற்றுக்கு 45, மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் செமஸ்டரில் நூற்றுக்கு 45 எடுத்தாலும் அது அறுபதுக்கு 27 ஆகும், மொத்தம் 57 வந்துவிடும். (தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) குறைவாகப் படியுங்கள் என்று சொல்லவில்லை, எந்தப் பாடம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதற்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். பதிமூன்று மார்க் கேள்விகள் எல்லாமே 'இது அல்லது அது' என்றுதான் வரும் என்பதால் ஐந்து யூனிட்டையும் வரி விடாமல் படித்தே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். படித்தது மனதில் பதிவதே தூங்கும்போதுதான், அதனால் நைட் அவுட் போட்டுப் படித்த ஃபார்முலா ஹாலுக்குள் போனதும் வராமல் போவதில் ஆச்சரியமே இல்லை. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஒன்பது மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபி இரண்டு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்வரும் டே ஸ்காலர்கள் அந்த நேரத்தில் படிக்க முயல வேண்டாம், ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்குங்கள், குற்ற உணர்வே வேண்டாம்.

படிக்கும்போது பேனாவோடு படியுங்கள். ஒரு மணி நேரம் எழுதிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவது, நாள் முழுக்கப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் இரண்டாவதில் படிப்பும் இல்லை, ஓய்வும் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிடுங்கள். பதினொரு மணிக்கு யாரோ "இது கண்டிப்பா வருமாம்" என்று ஒரு பிடிஎஃப் போடுவார்கள், அதைத் திறந்தால் அன்றைய தூக்கம் போச்சு. அதேபோல எழுதி முடித்துவிட்டு ஹால் வாசலில் நின்று விடை சரிபார்க்காதீர்கள், நேராக மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், அன்று மாலை கிரவுண்டில் நடங்கள், அடுத்த பாடத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் போதும்.

இவ்வளவும் செய்தும் நாள் கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் படிப்பை மூடி வைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தயங்கினால் ரூம்மேட்டிடம் சொல்லி அவரையே டயல் செய்யச் சொல்லுங்கள். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்.