நாலு வயதில் பள்ளிக்கூடம்: அரைநாளா, முழுநாளா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வரும் குடும்பங்கள் முதலில் திகைப்பது இதில்தான். ஊரில் ஐந்து வயது நிறைந்த பிறகுதான் தரம் 1. அதுவரை முன்பள்ளி, மதியத்துக்கு முன்பே பிள்ளை வீட்டில். இங்கே நாலு வயது முடிந்து வருகிற செப்டம்பரிலேயே ‘ரிசெப்ஷன்’, அதாவது முதலாம் ஆண்டுக்கு முந்திய வகுப்பு. காலை ஒன்பது மணிபோலப் போனால் பின்னேரம் மூன்று மணி தாண்டித்தான் வரும். எங்கள் மகள் தொடங்கியபோது கல்லடியிலிருந்து அம்மா போனில் பதறினார்: “விஜயதசமிக்கு இன்னும் நாள் கிடக்கு, ஏடு தொடக்காமலே பிள்ளைய விட்டுட்டியா மகள்?”

அந்தச் செப்டம்பரிலிருந்தே முழுநேர இடம் பெறுவது உங்கள் உரிமை. ஆனால் பள்ளிக்கூடம் கட்டாயமாவது ஐந்து வயது முடிந்து அடுத்து வரும் தவணையில்தான். செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் பிறந்த பிள்ளைக்கு ஜனவரியில் கட்டாயம். ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள் பிறந்த பிள்ளைக்கு அடுத்த செப்டம்பரில். அதுவரை அரைநேரமாக அனுப்பலாம். இதைத் தீர்மானிப்பது பெற்றோர், பள்ளிக்கூடம் அல்ல.

இது எங்களுக்கு அப்போது தெரியாது. முதல் மூன்று கிழமை எல்லாருக்கும் அரைநாள் என்று கடிதம் வந்தது. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம் ஊர்ப் பழக்கம். மகளைக் கூட்டிவர என் கணவர் பகல் ஷிப்டுகளை விட்டார், அந்த மாத வாடகைக்குக் கடன் வாங்கினோம். முழுநாள் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தால் தந்திருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள், அது மரியாதைக் குறைவே இல்லை.

அதற்காக எடுத்த எடுப்பிலேயே முழுநாள் விடச் சொல்லவில்லை. இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சத்தமே களைப்பு. முதல் நாள் மகள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போனாள். ஒன்றிரண்டு கிழமை அரைநாள் நல்லது. மாதக்கணக்கில் இழுத்தால்தான் பிள்ளைக்கு நட்டம். ஏனென்றால் பாஷை வருவது சாப்பாட்டு நேரத்திலும் விளையாட்டு நேரத்திலும்தான், அரைநாள் பிள்ளையை அதற்கு முன்பே கூட்டிவந்துவிடுகிறோம். அம்மம்மா உருட்டித் தந்த சோறு மட்டுமே தின்ற எங்கள் மகள் முதலில் பேசிய இங்கிலீஷ், சாப்பாட்டு மேசையில் கேட்ட “மோர் ப்ளீஸ்”. அதனால் அரைநாள் கேட்டாலும், சாப்பிட்ட பிறகு கூட்டிப்போகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். ரிசெப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை அரச பள்ளிகளில் மதியச் சாப்பாடு இலவசம்.

கோடையில், அதாவது ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள், பிறந்த பிள்ளை இன்னும் சின்னது என்று தோன்றினால், ஒரு வருடம் பிந்தி ரிசெப்ஷனிலேயே சேர்க்கக் கேட்கலாம். ஆனால் அது தானாகக் கிடைக்காது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். வழமையான ரிசெப்ஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், பிள்ளை சேரும் செப்டம்பருக்கு முந்திய ஜனவரி 15. அதற்குப் பிறகு வந்தவர்கள் நேரே கவுன்சிலைக் கேளுங்கள். ஸ்கொட்லாந்தில் விதிகள் வேறு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கேட்கத் தெரியாமல் மகள் இரண்டு நாள் சிறுநீரை அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் ஒரு துண்டில் ‘தண்ணி’, ‘சூ’, ‘வயித்து வலி’ மூன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அர்த்தத்தோடு எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். நீங்கள் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.