முதல் துப்பாக்கியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மாந்தோப்பில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரியப்பாதான் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். குழலை மடக்கி ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் பழைய ஏர்கன் அது. கன்னம் பட்டுப் பட்டு, அதன் மரக்கட்டை ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அந்தக் கறுப்பு என் கன்னத்துக்குச் சற்று மேலே இருந்தது. பதினைந்து வயதில் சரியாகப் பொருந்தியது. அதே துப்பாக்கியில் இப்போது என் மகளுக்குக் கற்றுத்தருகிறேன். தம் வீட்டுப் பிள்ளைக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டைக் கற்றுத்தர நினைக்கும் பெரியவர்களுக்காக, பெரியப்பா எனக்குச் சொன்ன முறையையும் அதில் நான் பட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அவர் முறையின் சாரம் ஒன்றுதான்: முதல் பதினைந்து நாள் குண்டே கிடையாது.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. 4.5 மில்லிமீட்டர் குண்டு போடும் சுருள்வில் ஏர்கன் போதும். கடைக்காரர்கள் இதைப் பாயிண்ட் 177 என்பார்கள். 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுள்ள இந்த வகைக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. எடை மூன்று கிலோவைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. குழலை மடக்கி வில்லை ஏற்றப் பிள்ளைக்குக் கைவலு போதாவிட்டால், அந்த வேலையைப் பெரியவர் செய்ய வேண்டும். பாதி மடக்கிய குழல் கை நழுவினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையூர்களில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் பரணில் இருக்கலாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவதே சரி.

அடுத்தது இடம். நம் மாவட்டத்துக்காரர்கள் இதில்தான் மிகுந்த கவனம் வைக்க வேண்டும், ஏனென்றால் நம் மண்ணில் எங்கு பார்த்தாலும் கருங்கல். வேலிக்கு நட்டது கல்தூண், கிணற்றுக்குக் கட்டியது கல், தோப்பின் நடுவில் கிடப்பது பாறை. நான் குண்டு போட்டுச் சுட்ட முதல் நாளில், குறிபார்க்க நிறுத்திய அட்டையைத் தவறவிட்ட ஒரு குண்டு வேலிக் கல்தூணில் பட்டு, விர்ரென்ற ஓசையோடு திரும்பி வந்து, பெரியப்பா நின்ற மரத்தின் பட்டையில் அடித்தது. அவர் ஒன்றும் பேசாமல் போய், கீழே கிடந்த குண்டைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இடை சிறுத்த அந்த ஈயக் குண்டு, ஒரு பக்கம் முழுவதும் நசுங்கிக் காசு போல ஆகியிருந்தது. அன்றே சுடும் திசையை மாற்றினோம். கிணறு வெட்டிய மண் மேடாகக் கிடந்த பக்கத்தில், செம்மண் நிரப்பிய நான்கு சாக்குகளை அடுக்கி, அதன் முன் அட்டையை நிறுத்தினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அட்டைக்குப் பின்னால் மண்ணோ மணலோ இருக்க வேண்டும். கல், தகரம், காய்ந்த மரம் ஆகியவை கூடாது. அட்டையைத் தவறவிடும் குண்டும் மேட்டிலேயே புதையும்படி மேடு உயர்ந்தும் அகன்றும் இருக்க வேண்டும். சுடும் இடத்துக்கும் அட்டைக்கும் 10 மீட்டர் இருக்கட்டும். ஆடு மேய்ப்பவர் வரும் வழியோ பக்கத்துத் தோட்டத்துப் பாதையோ அந்தத் திசையில் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

குண்டு இல்லாத நாட்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுத்த கணத்திலிருந்து குழல்முனை மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் தலை திரும்பலாம், குழல் திரும்பக் கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசையை (ட்ரிகரை) தொடாமல் கட்டையின் பக்கவாட்டில் நீண்டு கிடக்க வேண்டும். வெறுந்துப்பாக்கி என்று தெரிந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும். இவை மூன்றும் பழகி உடம்பில் ஏறவே ஒரு வாரம் ஆகும். நான்காவதாக ஒன்று இந்த வகை ஏர்கன்னுக்கே உரியது. குழலை மடக்கிக் குண்டு போடும்போது, ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த நிலையில் தவறி விசை அழுந்தினாலோ, பாதி மடக்கும்போதே கை நழுவினாலோ குழல் படீரென்று மேலே எழுந்து மூடிக்கொள்ளும். இடையில் இருக்கும் விரல் நசுங்கிவிடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வில்லை ஏற்றிவிட்டுக் குண்டு போடாமல் விசையை அழுத்திப் பழகக் கூடாது. வில் தள்ளும் உந்துதண்டு காற்றை அமுக்கித்தான் குண்டை வெளியே அனுப்புகிறது. தடுக்கக் குண்டு இல்லாதபோது தண்டு முழு வேகத்தில் போய் முனையில் மோதும். நாளடைவில் அதன் வாஷரும் வில்லும் கெட்டுவிடும். ஆகவே, குண்டில்லாப் பயிற்சி என்றால் வில் ஏற்றாமல் செய்யும் பயிற்சி என்றே பொருள்.

பிள்ளையின் ஆட்சிக் கண், அதாவது குறிபார்க்கும்போது முந்தி நிற்கும் கண், எது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்தில் உள்ள ஒரு தென்னை உச்சியைக் கட்டைவிரலால் மறைக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் போதும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ, அந்தக் கண்ணால் குறிபார்க்க வேண்டும். அந்தப் பக்கத் தோளிலேயே கட்டையை வைப்பது நல்லது. பிறகு படுத்துச் சுடும் நிலையைப் பழக்குங்கள். முன்னால் ஓர் உமி மூட்டையை வைத்து, அதன் மீது இடக்கையை மல்லாக்க வைத்து, அந்த உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்த வேண்டும். துப்பாக்கியை நேராக மூட்டையின் மீதோ கல்லின் மீதோ வைத்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் துள்ளும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. சுருள்வில் ஏர்கன் முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே அந்த அசைவு தொடங்கிவிடுகிறது. இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறும், ஆகவே குறியும் மாறும். கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடி என்பார் பெரியப்பா.

குறிபார்ப்பதில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை, அட்டையின் கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்ப்பது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியின் பள்ளத்துக்குள், குழல்முனையில் இருக்கும் முன்குறி நடுவாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும். கண் முன்குறியின் மீதே நிற்க, அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். “வட்டம் எங்கயும் ஓடிராது கண்ணு, நீ முன்குறியப் பாரு” என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, கணக்கில்லை. முன்குறி ஒரு மயிரிழை விலகினாலும் 10 மீட்டரில் குண்டு நடுவை விட்டு விலகிவிடும்; வட்டம் மங்குவதால் அப்படி ஒன்றும் கெடாது.

பதினாறாம் நாள் குண்டை எடுங்கள். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தி, ஐந்தாறு விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் விரலை எடுத்து, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்க வேண்டும். மூச்சடக்கிக் காத்திருந்தால் கண் மங்கும், கை நடுங்கும். விசையை விரல்நுனிச் சதையால் நேர் பின்னோக்கி, எப்போது விடுபடும் என்று தெரியாதபடி மெல்ல அழுத்த வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரிய வைப்பது கடினம். பெரியப்பா என் விரலின் மீது தம் விரலை வைத்து, என்னைக் குறியை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, தாமே அழுத்தினார். காய்ப்புப் பிடித்த அந்த விரலின் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, எதிர்பாராத கணத்தில் துப்பாக்கி வெடித்தது. அப்படிச் சுட்ட ஐந்து குண்டுகளில் எனக்கு விளங்கியது, அதற்கு முன் கேட்ட எந்தச் சொல்லிலும் விளங்கவில்லை. என் மகளுக்கும் அப்படியே செய்தேன். சுட்ட பின் ஓரிரு விநாடி தலையைத் தூக்காமல் முன்குறியைப் பார்த்தபடியே இருக்கச் சொல்லுங்கள். குண்டு எங்கே பட்டது என்று உடனே எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு.

ஐந்து குண்டுக்கு ஓர் அட்டை. நடுவில் பட்டதா என்று பார்க்காமல், ஐந்தும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று பாருங்கள். ஓரத்தில் விழுந்தாலும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கினால் பிள்ளை நன்றாகவே சுடுகிறது. சரிசெய்ய வேண்டியது துப்பாக்கியை. குண்டுகள் இடப்பக்கம் விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் பின்குறியை உயர்த்த வேண்டும். துளைகள் நாலாபுறமும் சிதறியிருந்தால் பின்குறியைத் தொடாதீர்கள், பிடியையும் விசை விரலையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு முப்பது குண்டுக்கு மேல் வேண்டாம். களைப்பில் சுடும் குண்டு தவறான பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

தோப்புக்கு மயிலும் கிளியும் வரும். காய் வீணாகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவற்றைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை குயிலை நோக்கிக் குழலைத் தூக்கியதற்காக, ஒரு கோடை முழுவதும் துப்பாக்கி எனக்கு மறுக்கப்பட்டது.

பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்தால் ரைபிள் கிளப்பில் சேர்க்கலாம். பள்ளி கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் அங்கும் சுடும் பயிற்சி கிடைக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதே 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதில்தான். அந்தப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்று சொன்னபோது, என் மகள் பென்சிலைக் கூராக்கி ஒரு புள்ளி வைத்து, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். குண்டு ஈயம், அந்தக் கையோடு மாம்பழம் தின்னக் கூடாது. குண்டை வாயில் வைத்துக்கொண்டு சுடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை அடியோடு தடுக்க வேண்டும். குழலின் வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். காற்றறைக்குள் எண்ணெய் விடாதீர்கள், அமுங்கும் காற்றின் சூட்டில் அது தீப்பற்றி வாஷரைக் கெடுக்கும். துப்பாக்கியை வில் ஏற்றாத நிலையில் பீரோவில் வைத்துப் பூட்டி, குண்டு டப்பாவை வேறோர் இடத்தில் பூட்டி, இரண்டு சாவியையும் பெரியவரே வைத்துக்கொள்ள வேண்டும்.